நான் வெட்டிய மூன்று வரிகள்

காலை ஆறு ஐம்பத்திரண்டு. குசினி ஜன்னலால் பார்த்தபோது முதலில் தெரிந்தது ஒரு சப்பாத்து. வெள்ளை, ஓடுவதற்குப் போடும் வகை, இடது கால். தெருவின் நடுவில் தனியாகக் கிடந்தது. போட்ட முடிச்சு அவிழவில்லை.

அடுத்துத் தெரிந்தது பொலிஸ் கார். எங்கள் வீட்டுக்கு எதிரே, புல் ஓரத்தில் ஒரு சில்லை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். முன் கதவுகள் இரண்டும் திறந்திருந்தன. பக்கத்தில் இரண்டு பொலிஸ்காரர்கள் குனிந்திருந்தார்கள். அவர்களுக்குக் கீழே ஓர் ஆள் குப்புறக் கிடப்பதைக் கடைசியாகத்தான் கண்டேன். ஒருவருடைய முழங்கால் அவன் முதுகில், கழுத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. மற்றவர் அவனுடைய இடது கையைப் பின்னால் மடக்கிப் பிடித்திருந்தார். முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. எதிர் வீட்டுப் பிள்ளை.

குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டியிருந்த சாமான் பட்டியல் துண்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் நேரத்தை எழுதினேன். 6.52. சப்பாத்து, கார், முழங்கால். 6.54. “நான் இங்கேதான் இருக்கிறேன், அதுதான் என் வீடு” என்று ஆங்கிலத்தில் மூன்று தடவை சொன்னான். மூடிய ஜன்னலுக்குள்ளும் கேட்டது. 6.55. தாய் வெளியே ஓடி வந்தார். வேலைச் சீருடை, வெறுங்கால். மகனின் பல்கலைக்கழக அடையாள அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தார். ஒரு பொலிஸ்காரர் உள்ளங்கையைக் காட்டி அவரை நடைபாதையில் நிறுத்தினார். அட்டையை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. 6.56. அவன் கத்தினான். அதற்கு முன் அவன் அப்படி அலறி நான் கேட்டதில்லை.

பின்னால் வந்து நின்ற என் மனைவி முதலில் ஜன்னலையும் பிறகு என் கையிலிருந்த பேனையையும் பார்த்தார்.

“இஞ்சருங்கோ, என்ன எழுதிக்கொண்டு நிக்கிறியள்? வெளியில போங்கோவன்.”

நான் வெளியே போனது 6.57க்கு. அதுவும் அந்தத் துண்டில் இருக்கிறது.

ஐந்து நிமிடம் ஒரு மனிதன் நிலத்தில் கிடந்தான், நான் குறிப்பெடுத்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் பதினொரு வருடம் இருந்தவன் நான். நாலு வருடம் நிருபர், மிச்சம் ஆசிரியர் பீடம். இப்போது இந்த நாட்டில், ட்ருகனினா என்ற புறநகரில் ஒரு பண்டகசாலையில் வந்த பெட்டிகளையும் போன பெட்டிகளையும் சரிபார்க்கிறேன். கை மட்டும் பழைய வேலையை விடவில்லை.

வெளியே போய் நான் கேட்டது, “என்ன நடந்தது?” பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெருவில் நகைக் களவு. அடையாளம் பொருந்துகிறது. அடையாளத்தையும் சொன்னார்: ஆண், உயரமானவர், ஆபிரிக்கத் தோற்றம், தலைமூடிச் சட்டை.

அந்தச் சொற்களின் வரிசை எனக்குத் தெரியும். எழுதியவனுக்குத் தன் வசனம் தெரியாமல் போகாது. அது என்னுடையது.

*

எங்கள் வீடு இருக்கும் நாலு தெருக்களிலும் தமிழ்க் குடும்பங்கள் நாற்பது இருக்கும். பாதி எங்கட ஆக்கள், பாதி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. கறிவேப்பிலைக் கன்று யாரிடம் இருக்கிறது, எந்தக் குப்பைத் தொட்டி இந்தக் கிழமை, வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கு யாருடைய காரில் இடம் இருக்கிறது என்பவை அதில் வரும். எதிர் வீடு அந்தக் குழுவில் இல்லை. அவர்கள் தென் சூடான்காரர்.

தாயும் மகனும் மட்டும்தான். தாய் வயோதிபர் இல்லத்தில் என் மனைவியோடு வேலை செய்கிறார். இருவரும் ஒரே காரில் போய் வருவார்கள். மகனுக்கு இருபத்திரண்டு வயது. கென்யாவில் ஒரு முகாமில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்தவன். தாதியர் படிப்பின் மூன்றாம் வருடம். ஆஸ்பத்திரியில் எட்டுக் கிழமைப் பயிற்சி ஒன்றுதான் பாக்கி. அது அடுத்த திங்கட்கிழமை தொடங்க இருந்தது. அதை முடித்தால் பட்டம். முடிக்காவிட்டால் மூன்று வருடமும் தொங்கும்.

இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் காலை ஆறேகாலுக்கு அதே தெருவில் அவன் ஓடியவன். அதை வைத்து என் மனைவி தேநீருக்கு அடுப்பை மூட்டுவார். ஒருமுறை நான் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தபோது பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினான். அவன் பேசுவது ஆங்கிலம். என் தமிழில் தருகிறேன்.

“அங்கிள், உங்கட தெருவில எத்தினை கார் எண்டு எனக்குக் கணக்குத் தெரியும். நான் ஓடேக்க என்னைக் கண்டு ‘டிக், டிக்’ எண்டு பூட்டிக்கொண்டு வரும். பதினேழு.”

“எங்கட காரும் பூட்டுமோ?”

“உங்கட கார் பூட்டு வேலை செய்யாது. அம்மா சொன்னவ.”

இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது அது பகிடியாக இருந்தது.

*

வெள்ளிக்கிழமை நடந்தது இது. பக்கத்துத் தெருவில் ஒரு அன்ரி தனியாக இருக்கிறார். அறுபத்தெட்டு வயது, கணவர் இறந்து நாலு வருடம். மதியப் பூசைக்குக் கோயிலுக்குப் போய் இரண்டு மணிபோல் திரும்பினார். எங்கட ஆக்கள் வீட்டைவிட்டுப் போகும்போது நகையைத் துணிப்பையில் கட்டி அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டுப் போவது வழக்கம். அவரும் அப்படித்தான். திரும்பி வந்து வாளிக்குள் கையை விட்டபோது அரிசி மட்டும் இருந்தது. பின் கண்ணாடிக் கதவும் திறந்து கிடந்தது.

அவர் குழுவில் ஒரு குரற்பதிவு போட்டார். மூன்று நிமிடம் நாற்பது விநாடி. இப்போதும் என் தொலைபேசியில் இருக்கிறது.

“பிள்ளையள், நான் காரால இறங்கிறன், ஒருத்தன் எங்கட ட்ரைவ்வேயால வெளியில போறான். கையில என்னவோ வச்சிருந்தவன், பேப்பரோ பையோ தெரியாது. தொப்பி வச்ச சட்டை. முகம் நான் காணேல்லை. என்னைவிட உயரம். ஆள் கறுப்பு, ஆனா எங்கட பொடியனாயும் இருக்கலாம், எனக்கென்ன தெரியும், கண்ணும் இப்ப வடிவாத் தெரியிறேல்லை. உள்ள போனா பின் கதவு திறந்து கிடக்குது. அரிசி வாளிக்குள்ள ஒண்டும் இல்லை. அவர் கட்டின தாலிக்கொடி. பேத்திக்கு எண்டு வச்சிருந்தனான்...”

அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் அழுகை.

குழுவை நடத்துபவர் கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை, நல்ல மனிதர். கால் மணி நேரத்தில் எனக்குப் போன் எடுத்தார்.

“சார், அம்மா பேசுனது போலீஸுக்கு ஒண்ணும் புரியாது. நீங்க பிரஸ்ல இருந்தவர். இங்கிலீஷ்ல நாலு வரி கிரிஸ்ப்பா எழுதிக் குடுங்க. நான் குரூப்லயும் போட்டுட்டு, போலீஸுக்கும் அனுப்பிடறேன்.”

“முகம் காணேல்லை எண்டு சொல்லுறா.”

“ஆமா சார், ஆனா ஆப்பிரிக்கன் பசங்கதான். டிவில பாக்கறோமே. அத மட்டும் தெளிவா போட்டுடுங்க.”

நான் குரற்பதிவை இரண்டு தடவை கேட்டேன். பிறகு பீடத்தில் உட்கார்ந்தவன் செய்யும் வேலையைச் செய்தேன். சாட்சியின் புலம்பலை வெட்டு, விவரத்தை வை. ‘முகம் காணேல்லை’: இல்லாத விவரம், வெட்டினேன். ‘எங்கட பொடியனாயும் இருக்கலாம்’: ஊகம், வெட்டினேன். ‘என்னைவிட உயரம்’ என்பதில் ‘என்னைவிட’ வாசகனுக்கு ஒன்றும் சொல்லாது, ‘உயரமானவர்’ ஆக்கினேன். அன்ரியின் உயரம் நாலடி பத்து. ஆள் கறுப்பு என்று அவர் சொன்ன இடத்தில் ‘ஆபிரிக்கத் தோற்றம்’ என்று எழுதினேன். ஆறு நிமிடத்தில் முடிந்தது. நேரம், இடம், ஆள், பொருள் எல்லாம் இருந்தன. குழுவில் முப்பத்தொரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ‘சுப்பர் சார்’ என்று ஒருவர் போட்டார். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு என் எழுத்தை யாரோ மெச்சினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்று பின்னேரம் எங்கள் தபால் பெட்டியில் ஒரு கணித டியூஷன் வகுப்பு நோட்டீஸ் கிடந்தது. தெரு முழுக்கப் போட்டிருந்தார்கள். நடத்துபவர் தமிழர். யார் வீடு வீடாகப் போட்டது என்று நான் விசாரிக்கவில்லை. நிருபராக இருந்த காலமென்றால் முதலில் அதைத்தான் விசாரித்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை 6.41க்குக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: ‘அதே ஆள் இப்ப ஓடுறான். பொலிசுக்குப் போன் அடிச்சிட்டன்.’ என் தொலைபேசி அறையில் சார்ஜில் இருந்தது. எழுதியவர் தெரு முனை வீட்டுக்காரர். இரண்டு வருடமாக அந்த ஓட்டம் அவருடைய வாசலைக் கடந்துதான் போனது.

*

பத்திரிகையில் இருந்த காலத்தில் நாங்கள் அதிகம் எழுதிய வசனம், ‘இனந்தெரியாதோரால் சுடப்பட்டார்’. யார் சுட்டது என்று ஊருக்குத் தெரியும், பீடத்துக்குத் தெரியும், இறந்தவரின் தாய்க்குத் தெரியும். எழுதினால் மறுநாள் நாங்கள் இல்லை. அதனால் இனம் தெரியாது என்று எழுதினோம். இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. இனத்தை எழுதினேன்.

சுற்றிவளைப்பு என்றால் என்ன என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியாது. விடியற்காலை ஊரை வளைத்து, ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடக்க விடுவார்கள். ஜீப்புக்குள் சாக்கால் தலையை மூடிய ஒருவன் இருப்பான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலையாட்டினால் அந்த ஆளை ஏற்றுவார்கள். தலையாட்டி என்று பெயர். எனக்கு இருபத்திரண்டு வயதில் அந்த வரிசையில் மூன்று தடவை நடந்தேன். மெலிந்தவர், மீசை, இடுப்பில் நீலச் சாரம் என்று அவர்களிடம் ஓர் அடையாளம் இருந்ததாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தோம். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு நடந்தோம். சாக்குக்குள் இருந்தவனைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் வசைதான். அவனும் தனக்குத் தெரிந்த விவரத்தைத்தான் கொடுத்தானோ என்று அப்போது யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், பதில் ஆறுதலாக இல்லை.

*

எதிர் வீட்டுப் பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு சிறிய எலும்பு முறிந்திருந்தது. பத்துக் கிழமைக் கட்டு. கட்டுப் போட்ட கையோடு நோயாளியைத் தூக்க முடியாது, கை கழுவ முடியாது. பயிற்சி இடம் வேறு ஒரு மாணவருக்குப் போனது. நகைக் களவு பற்றி அவன்மீது குற்றச்சாட்டு இல்லை. அன்றைக்கு இரண்டு மணிக்கு அவன் விரிவுரையில் இருந்தது பதிவில் இருந்தது. குற்றச்சாட்டு வேறு: கைதை எதிர்த்தது, பொலிஸ்காரரைத் தாக்கியது. கையை மடக்கியபோது அவனுடைய முழங்கை ஒருவரின் தாடையில் பட்டதாம். அந்த வழக்கு முடியும்வரை எந்த ஆஸ்பத்திரியும் பயிற்சிக்கு எடுக்காது. தண்டனை வந்தால் தாதியாகப் பதிய முடியாமலே போகலாம்.

இதெல்லாம் எனக்கு என் மனைவி சொல்லித்தான் தெரியும். அவருக்குத் தாய் சொன்னார், காரில் போகும்போது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாலு வரி யாருடையது என்று மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. எதிர் வீட்டு வாசலில் கட்டுக் கையோடு அவன் நிற்கும்போது காலை வணக்கம் சொன்னேன். அவனும் சொன்னான். ஓட்டத்தை நிறுத்திவிட்டான்.

ஐந்தாவது கிழமை, ஞாயிறு காலை, அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சட்டி. மனைவி வேலைக்குப் போயிருந்தார்.

“தம்பி, சக்கரைப் பொங்கல். சுடச்சுடச் சாப்பிடுங்கோ. அம்மன் கண் திறந்திட்டா.”

“என்ன அன்ரி விசேஷம்?”

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

“குசினியில கறித்தூள் முடிஞ்சுது. ஊரிலயிருந்து வந்த தூளை காராஜ் ஃப்ரீசருக்க வச்சிருக்கிறனான். நேற்று எடுக்கப் போனா, தூள் பக்கற்றுக்குக் கீழ துணிப்பை. எல்லாம் அப்பிடியே இருக்கு தம்பி! அந்தக் கிழமை அரிசி வாளி கழுவிக் காயப் போட்டனான். கோயிலுக்குப் போற அவசரத்தில ஃப்ரீசருக்க வச்சிட்டன் போல. நான் கோயிலில நிக்கேக்க மகள் சாமான் கொண்டு வந்து வாளியை நிரப்பிப் போட்டுப் போயிட்டாள். எனக்கு அரிசி வாளி எண்டுதானே மனதில.”

“கதவு?”

“அதுவும் நான் பூட்டேல்லைப் போல.”

நான் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே முந்திரிப்பருப்பு அழகாக அடுக்கியிருந்தது.

“பொலிசுக்குச் சொல்லிப்போட்டியளோ?”

“என்னெண்டு தம்பி சொல்லுறது? வெட்கக்கேடு. கிழவிக்கு மறதி எண்டு மகள் என்னைக் கொண்டுபோய் இல்லத்தில விட்டிடுவாள்.”

“எதிர் வீட்டுப் பிள்ளையின்ர கை முறிஞ்சு கிடக்கு, அன்ரி.”

“ஓம், கேள்விப்பட்டனான். பாவம்தான். ஆனா அவன் பொலிசுக்கு அடிச்சவனாம். அது வேற கேஸ்தானே.” எழுந்தார். “சட்டியைப் பிறகு வாங்குறன். போட்டு வாறன்.”

அவரை நான் கொடியவர் என்று எழுத மாட்டேன். அவர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார், மூன்று நிமிடம் நாற்பது விநாடி. எங்கட பொடியனாயும் இருக்கலாம் என்று அந்த நாற்பது வீட்டில் நினைத்த ஒரே ஆள் அவர்தான்.

பத்திரிகைக்காரனுக்கு இதற்கு ஒரு வழி தெரியும். திருத்தம் போடுவது. பத்து இருபதுக்குக் குழுவில் எழுதினேன்: ‘வெள்ளிக்கிழமை நகைக் களவு பற்றி இக்குழுவில் வெளியான செய்தி தவறானது. களவு எதுவும் நடைபெறவில்லை. நகைகள் வீட்டிலேயே இருந்தன. கண்டவர் முகத்தைக் காணவில்லை என்றும், தமிழ் இளைஞராகவும் இருக்கலாம் என்றும் கூறியிருந்தார். அதை நீக்கியவன் நான். அச்செய்தியால் எதிர் வீட்டு மாணவர் காயப்பட்டார்.’

முதல் பதில் இரண்டு நிமிடத்தில் வந்தது. ‘வாழ்த்துகள் அன்ரி! நகை கிடைச்சது பெரிய சந்தோசம்.’ அடுத்தது கும்பிடும் கை. பிறகு வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவர், ‘எல்லாம் முருகன் செயல்’. தெரு முனைக்காரர் ஒன்றும் எழுதவில்லை. கோயம்புத்தூர்க்காரர் போன் எடுத்தார்.

“சார், என்ன சார் இது? ரிப்போர்ட் அனுப்பினது என் பேர்ல. பொய்க் கம்ப்ளெயின்ட்னு எம்மேல திரும்பினா? அடுத்த மாசம் எனக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ.”

“உள்ளதைத்தான் எழுதினனான்.”

“உள்ளதுதான் சார். யாரு இல்லைன்னா? ஆனா இப்ப யாருக்கு என்ன யூஸ்? அந்தப் பையன் நம்ம குரூப்லயே இல்லையே.”

பத்து நாற்பத்தொன்றுக்குத் திருத்தம் அழிக்கப்பட்டது. பழைய செய்தி குழுவின் மேலே ஒட்டியபடி இருந்தது.

*

பின்னேரம் தெருவைக் கடந்து போனேன். அவன் வலது கையால் மட்டும் தாயின் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். இடது கைக்குப் பிளாஸ்திக் பை கட்டியிருந்தது.

“உங்கட காரையும் கொண்டு வாங்கோ அங்கிள். அரைவாசிக்குத்தான் கழுவுவன். ஒரு கை.”

தொலைபேசியை நீட்டினேன். அவன் செய்தியை வாசித்தான். குரற்பதிவில் அன்ரி சொன்னதை வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். வெட்டியவற்றையும் சொன்னேன்.

“உயரமானவர்,” என்றான். “அவ எவ்வளவு உயரம்?”

“நாலடி பத்து.”

அவன் உண்மையாகவே சிரித்தான். “எனக்கு ஐஞ்சடி ஒன்பது. எங்கட சேர்ச்சில குறூப் போட்டோ எடுக்கேக்க என்னைச் சின்னப் பிள்ளையளோட முன் வரிசையில இருத்துவினம். வாழ்க்கையில முதல் தரமா ஒருத்தர் என்னை உயரம் எண்டு எழுதியிருக்கிறார். அம்மாட்டக் காட்டவேணும்.”

பிறகு குழாயை நிறுத்தினான்.

“இது உங்கட எழுத்து எண்டு எப்ப தெரியும்?”

“அண்டைக்கே. ஆறு ஐம்பத்தேழுக்கு.”

“ஐஞ்சு கிழமை,” என்றான். “முப்பத்தைஞ்சு நாள் எனக்குக் குட் மோர்னிங் சொல்லியிருக்கிறீங்கள்.”

அதற்கு நான் சொன்ன எதையும் இங்கே எழுதவில்லை. எழுதும் தரத்தில் அது இல்லை.

தாய் வாசலுக்கு வந்தார். அவன் தங்கள் மொழியில் சொன்னான். நேரம் எடுத்தது. அவர் என்னைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவான ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்:

“நீங்கள் நேரம் எழுதிய துண்டு ஒன்று இருக்கிறதாம். உங்கள் மனைவி முதல் கிழமையே காரில் சொன்னார். நீங்களாகக் கொண்டு வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.”

துண்டை எடுத்து வந்தேன். ஒரு பக்கத்தில் பால், கத்தரிக்காய், தேங்காய்ப்பால் இரண்டு ரின். மறுபக்கத்தில் 6.52 தொடக்கம் 6.57 வரை. அவர் அதைப் படித்துவிட்டுக் கவனமாக இரண்டாக மடித்தார்.

*

இலவச சட்ட நிலையத்தில் ஒரு இளம் பெண் வழக்கறிஞர் என் வாக்குமூலத்தை எழுதினார். இரண்டரை மணி நேரம். ஒன்பது பக்கம். கை மடக்கப்பட்ட விதம், நேரங்கள், அட்டையோடு தாய் நின்ற இடம். குரற்பதிவும் அதன் மொழிபெயர்ப்பும், நான் வெட்டிய மூன்று வரிகளும் அடிக்கோடிட்டு. ஒரு இடத்தில் அவர், “இதைச் சுருக்கலாமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அன்ரி வீட்டுக்குப் பொலிஸ் போய் விசாரித்தது. மகள் வந்து பெரிய சத்தம். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசினார்கள். நான் பின்னால் நின்றது தெரிந்துதான் பேசினார்கள் என்று நினைக்கிறேன்.

“இவர்தானாம்.”

“ஆர்?”

“எங்கட ஆக்களைக் காட்டிக்குடுத்தவர்.”

அந்தச் சொல் எங்கள் ஊரில் ஆட்களைக் கொன்றிருக்கிறது. இங்கே வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது, அவ்வளவுதான். அன்ரி சட்டியை வாங்க வரவில்லை. மனைவி கழுவி அலமாரியில் வைத்திருக்கிறார். குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அதனால் பழைய செய்தி இன்னும் மேலே ஒட்டியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

வழக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது குற்றச்சாட்டுகள் மீளப் பெறப்பட்டன. ஒரு கடிதம், மூன்று வரி. காரணம் இல்லை, வருத்தமும் இல்லை. நல்ல ஆசிரியர் பீடத்தில் வெட்டியது போல இருந்தது. என் ஒன்பது பக்கத்தை யாராவது படித்தார்களா என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். தெரியாது என்றார். பயிற்சிக்கு அடுத்த இடம் வர இன்னும் ஏழு மாதம். அதுவரை அவன் பண்டகசாலையில், நான் வேலை செய்யும் அதே கட்டடத்தில், பெட்டி அடுக்குகிறான். தேநீர் இடைவேளையில் வேறு மேசையில் இருப்பான். கண்டால் தலையசைப்பான். அங்கிள் என்று கூப்பிடுவதில்லை.

கட்டு அவிழ்த்து மூன்றாவது கிழமை மறுபடி ஓடத் தொடங்கினான். நேரம் மாறியிருக்கிறது. இப்போது காலை ஏழரை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரம், தெருவில் ஆட்கள் இருக்கும்போது. தலைமூடிச் சட்டை இல்லை. பல்கலைக்கழக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, சட்டைக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறான்.